கைத்துப்பாக்கிக்கும் ஓய்வு வயது உண்டு

என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது என்பது நம் வட்டத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர், "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர், "எங்கே வாங்கினீங்க, என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் இன்று பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மூன்றாவது கேள்விக்காக. அதை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை: "இதை எப்போது விடப்போகிறீர்கள்?"

முதலில் விலை. 2009ல் வாங்கினேன். வரி சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது. ருமேனிய ராணுவத்தில் இருந்து கழித்துவிட்ட டோக்கரெவ். பக்கவாட்டில் 1953 என்று ஆண்டு பொறித்திருக்கும். லைசென்ஸ் உள்ள டீலரிடம் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, கையில் வாங்கினேன். மேலே பழைய கிரீஸ் அப்பியிருந்தது. அதைத் துடைத்து எடுக்கவே ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது.

ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபியோடர் டோக்கரெவ் என்ற ரஷ்யர் வடிவமைத்த பிஸ்டல் இது. 1930ல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்டது; 1933ல் தயாரிப்பு எளிதாக இருக்கும்படி சில மாற்றங்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முழுக்க ஓடியது. 1951ல் மக்கரோவ் என்ற புதிய பிஸ்டல் வந்ததும், சோவியத் நாட்டில் இது மெல்லப் பின்னுக்குப் போனது. ஆனால் போலந்து, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, சீனா என்று பல நாடுகள் அதே அச்சில் செய்துகொண்டிருந்தன. ருமேனியாவில் குஜீர் என்ற ஊரில் இருந்த ஆயுதத் தொழிற்சாலை செய்தது. என்னுடையது அங்கே பிறந்தது.

1989ல் பெர்லின் சுவர் விழுந்தது. அந்த நாடுகளின் ராணுவங்கள் சுருங்கின. 2004ல் ருமேனியா நேட்டோவிலேயே சேர்ந்துவிட்டது. கிடங்குகளில் கிரீஸ் தடவி அடுக்கி வைத்திருந்த பழைய துப்பாக்கிகளுக்கு இனி வேலை இல்லை. அமெரிக்க இறக்குமதியாளர்கள் மொத்தமாக வாங்கி வந்தார்கள். எந்த நாட்டோடு சண்டை போடுவதற்காகச் செய்தார்களோ அந்த நாட்டுக் கடையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கியதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தொழில். முப்பது வருடம் மைக்ரோமீட்டரும் கையுமாக வேலை பார்த்தவன் நான். நல்ல இயந்திரத்தைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. டோக்கரெவைப் பிரித்தால் மனம் நிறையும். சுத்தியும் அதன் ஸ்பிரிங்கும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் ஒரே கட்டாக, ஒரு சின்ன டப்பா போல, மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். பனியில் நிற்கும் சிப்பாய் சுத்தம் செய்யவேண்டும், பழுதானால் கட்டாக மாற்றிப் போடவேண்டும் என்று யோசித்துச் செய்தது. வெளியே கடைசல் தடங்கள் அப்படியே தெரியும். பளபளப்புக்கு நேரம் செலவிடவில்லை. அளவு எங்கே முக்கியமோ அங்கே மட்டும் துல்லியம். அதைச் செய்தவன் தொழில் தெரிந்தவன்.

சுடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: சத்தம் அதிகம். 7.62 மில்லிமீட்டர் தோட்டா சின்னதுதான். ஆனால் நொடிக்கு சுமார் 1400 அடி வேகத்தில் போகும். காதடைப்பான் போட்டிருந்தாலும் பக்கத்து வரிசையில் நிற்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். கையில் உதைப்பு அத்தனை மோசமில்லை. குறிமுள் மட்டும் மிகச் சின்னது. இருபது வயதுக் கண்ணுக்குச் செய்தது. கண்புரை ஆபரேஷன் செய்த என் கண்ணுக்கு அது ஒரு பரீட்சை. மேகசினில் எட்டுத் தோட்டா. எட்டையும் அவசரமில்லாமல், மூச்சை விட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டு முடிக்கும்போது மனசில் வேறு எதுவும் இருக்காது. பூஜையில் கிடைக்காத ஒருமைப்பாடு சில நாள் அங்கே கிடைத்திருக்கிறது என்று சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். ஆனாலும் உண்மை.

நம் ஒஹையோவில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907 முதல் தேசிய துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடக்கும் இடம். கோடையில் போய்ப் பாருங்கள். என்னைவிட மூத்தவர்கள் மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக வந்து, பழைய ராணுவத் துப்பாக்கிகளைத் தலையணையில் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்திருப்பார்கள். வன்முறைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, மலிவு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பழைய ராணுவத் தோட்டாக்களும் அந்தக் காலத்தில் சீல் வைத்த தகர டப்பாக்களில் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். நாம் சாப்பிடும் உப்புக்குத் தம்பி முறை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்னும். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு நம் காரின் அடிப்பாகத்தை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதை. எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதாது; உப்பு எண்ணெயில் கரையாது. வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகுதான் எண்ணெய். அரை மணி சுட்டுவிட்டு ஒரு மணி நேரம் சமையலறைத் தொட்டியில் நிற்க வேண்டும். இப்போது அந்தத் தகர டப்பாக்கள் சந்தையில் அரிதாகிவிட்டன. செர்பியாவிலும் செக் நாட்டிலும் புதிதாகச் செய்யும் தோட்டா துருப்பிடிக்க வைக்காது. ஆனால் விலை அதிகம். அதனால் நான் மாதம் ஒருமுறை, ஐம்பது தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறேன். தோட்டாவுக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும் பூட்டுப் பெட்டிக்கும் கொடுத்ததைக் கூட்டினால், துப்பாக்கியின் விலை அதில் ஒரு சின்னப் பங்கு.

அடுத்தது பாதுகாப்பு. "திருடன் வந்தால் உதவும்" என்று சொல்லி இதை வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். டோக்கரெவ் பிறந்தபோது அதில் தனி சேஃப்டி கிடையாது. சுத்தியை அரைவாசி இழுத்து நிறுத்தும் ஒரு பள்ளம் மட்டும்தான். அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பிறகு ஒரு சேஃப்டியை ஒட்டவைத்தார்கள். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்க இன்றைய பிஸ்டல்களில் இருக்கும் உள்தடுப்பு இதில் இல்லை. குழலில் தோட்டா போட்டு வைத்திருக்கவே கூடாது. வேகமும் இலேசான தோட்டாவும் சேர்ந்தால், நம் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட வீட்டுச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை; அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எழுபது தாண்டிய மனிதர் நடு ராத்திரியில் மூக்குக்கண்ணாடி தேடி, சாவி தேடி, இதை எடுத்து வீரம் காட்டுவது சினிமாவில்கூட நடக்காது. கதவுக்கு நல்ல பூட்டு போடுங்கள். வாசலில் விளக்கு போடுங்கள்.

நம்மவர்களுக்கென்று இன்னொரு விஷயம். இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. விசிட்டர் விசாவில் வந்த மச்சான், எச்-1பி விசாவில் இருக்கும் அண்ணன் பையன், படிக்க வந்த அக்கா மகள் இவர்களை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், கையில் கொடுத்து, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது உண்டு. குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. ஐந்து நிமிட வேடிக்கைக்காக ஒரு பிள்ளையின் விசாவைப் பணயம் வைக்காதீர்கள். அவர்களை கேம்ப் பெர்ரிக்குக் கூட்டிப்போய் வேடிக்கை பார்க்க வையுங்கள். அதற்கு ஒரு சட்டமும் குறுக்கே வராது.

இனி மூன்றாவது கேள்வி.

ஊரில் நான் பார்த்த துப்பாக்கிகள் இரண்டே இரண்டு. பண்ணையார் வீட்டு டபுள் பேரல் ஒன்று. பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்கியது ஒன்று. தேர்தல் அறிவிப்பு வந்தால் பண்ணையார் தன்னுடையதைத் துணியில் சுற்றி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சின்ன வயதில் அது எனக்குப் பெரிய அவமானமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அதில் ஒரு நன்மை இருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, வேலை செய்கிறதா என்று ஒருவர் கேட்டார். இங்கே 2009ல் நான் கையெழுத்துப் போட்ட நாளோடு சரி. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கார் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால் கண்ணைச் சோதிக்கிறார்கள். பிள்ளைகள் கார்ச் சாவியைப் பற்றி ஜாடையாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் பிஸ்டலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அவரோட மேல் ஷெல்ஃப்ல ஸ்வெட்டருக்குக் கீழே ஒரு துப்பாக்கி இருக்கு. எனக்குத் தொடவே பயமா இருக்கு. லோடு பண்ணியிருக்கா இல்லையான்னு கூடத் தெரியலை. பேரப்பிள்ளைங்க வெள்ளிக்கிழமை வராங்க." நாற்பத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவர். கணவர் துப்பாக்கி வைத்திருந்ததே அன்றுதான் அவருக்குத் தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்: "தொடாதீங்கம்மா. அந்த ரூமைப் பூட்டிடுங்க. போலீஸ் நம்பர்ல அவசரம் இல்லாத லைனைக் கூப்பிட்டு, வந்து பாருங்கன்னு சொல்லுங்க." ஒரு இளம் அதிகாரி வந்து, மரியாதையாகப் பேசி, சோதித்துப் பார்த்தார். மேகசினில் தோட்டா இருந்தது. நல்லவேளையாகக் குழலில் இல்லை. இறந்தவர் நல்ல மனிதர், ஜாக்கிரதையானவர். இன்ஷூரன்ஸ், பேங்க், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். இது ஒன்று மட்டும் அந்த நோட்டில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் பேசத் தயங்குவது. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது 75 வயதைத் தாண்டிய ஆண்களிடம். அது நம் வயது. வேறு யாரோ அல்ல. மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் வேறு மாநிலத்தில், வெளியே ஐந்து மாதக் குளிர், டாக்டர் ஏதோ பெரிய பெயராகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு ராத்திரி எவருக்கும் வரலாம். பலருக்கு வந்து, விடிந்து, போய்விடும். விடியும் வரை கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது. நண்பர் ஒருவர் சோர்ந்துபோனதைப் பார்த்தால், "கொஞ்ச நாளைக்கு உன் பெட்டியை வேறு இடத்தில் வைக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதால் நட்பு கெடாது. 988 என்ற எண்ணை அழுத்தினால் எந்த நேரத்திலும் பேச ஆள் இருக்கிறார்கள். அதையும் சொல்லி வையுங்கள்.

"இவ்வளவு பயம் இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கத்தி இருக்கும் சமையலறையை மூடிவிட மாட்டோம், கை நடுங்க ஆரம்பித்தால் கத்தியைக் கொடுத்துவிடுவோம் என்றேன். மறுபக்கம், ரேஞ்சில் ஒரு நண்பர், "இது நம் உரிமை. அரசாங்கமே கேட்க முடியாததை நாமே ஏன் விட வேண்டும்?" என்றார். உரிமைதான். வேலையில் இருக்கும் உரிமை எனக்கு இருந்தபோதே நான் ரிட்டயர் ஆனேன். யாரும் துரத்தவில்லை. நாள் பார்த்து நானே கிளம்பினேன். அதில் ஒரு கௌரவம் இருந்தது. அதே கௌரவத்தோடு இதையும் விட வேண்டும் என்கிறேன்.

எனக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒன்று, ஸ்லைடை யார் உதவியும் இல்லாமல் ஒரே இழுப்பில் கடைசிவரை இழுக்க முடிய வேண்டும். டோக்கரெவ் ஸ்பிரிங் விறைப்பானது. மூட்டுவலிக் கை பொய் சொல்லாது. இரண்டு, ஏழு கெஜ தூரத்தில் எட்டுத் தோட்டாவும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழ வேண்டும். மூன்று, "பெட்டியைப் பூட்டினேனா?" என்று படுக்கையில் இருந்து எழுந்து போய்ப் பார்க்கும் பழக்கம் வந்தால், அன்றோடு சரி. நான்கு, மனைவியோ மகனோ "போதும்" என்று சொன்னால், காரணம் கேட்கக் கூடாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். நான்காவதைப் படித்துவிட்டு, "இதை மட்டும் எழுதியிருந்தா போதுமே" என்றாள்.

எப்படி விடுவது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மகன் வேறு மாநிலத்தில் இருந்தால், பார்சல் கட்டி அனுப்பலாம், அடுத்த முறை வரும்போது பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வேறு மாநிலத்தவருக்குக் கைத்துப்பாக்கியைக் கொடுப்பது பரிசாக இருந்தாலும், அவருடைய மாநிலத்தில் உள்ள லைசென்ஸ் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும். உயில் மூலம் போவதற்கு மத்திய சட்டத்தில் விலக்கு உண்டு. அப்போதும் அவர் மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே தனி லைசென்ஸ் வேண்டும். பிள்ளைக்கு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். என் மகன், "அப்பா, உங்க பழைய மைக்ரோமீட்டர் செட்டைக் கொடுங்க, இது வேண்டாம்" என்றான். வருத்தம் இல்லை. இங்கேயே உள்ள டீலரிடம் விற்றுவிடலாம். முன்பே போன் செய்து கேட்டுக்கொண்டு போலீஸிடம் ஒப்படைக்கலாம். நான் டீலர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் பெயரும் நம்பரும், துப்பாக்கியின் சீரியல் நம்பரும், சாவி இருக்கும் இடமும், 'தோட்டா தனிப் பெட்டியில் இருக்கிறது' என்ற வரியும் எங்கள் குடும்ப நோட்டில் இன்ஷூரன்ஸ் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

வருகிற ஜனவரியில் எனக்கு 74 முடிகிறது. தட்டுக்குள் எட்டும் விழுகின்றன. ஸ்லைடு இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. அதனால் அடுத்த மாதமும் போவேன், ஐம்பது சுடுவேன், வீட்டுக்கு வந்து துடைத்து வைப்பேன். உங்களில் யாராவது இப்படி ஒன்றை வைத்திருந்தால், பழையதோ புதியதோ, 200 டாலரோ 2000 டாலரோ, இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இரண்டு விஷயத்தை வீட்டில் சொல்லிவிடுங்கள்: அது எங்கே இருக்கிறது, நீங்கள் இல்லாத நாளில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் ஆகாது.